வைஃபை விட்டு விட்டுப் போகிறதா? ரூட்டரை அணைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

நெட் போனதும் நம் கை நேராக ரூட்டர் ஸ்விட்சுக்குத்தான் போகிறது. அணைத்துப் போட்டால் வந்தும் விடுகிறது. ஆனால் அணைத்த அந்த நொடியிலேயே எதனால் போனது என்பதற்கான தடயமும் அழிந்துவிடுகிறது. மறுநாள் மறுபடி போகும், மறுபடி அணைத்துப் போடுவோம், இப்படியே மாதக் கணக்கில் ஓடும். எப்போதாவது போய் எப்போதாவது வருகிற கோளாறு, ஆள் வந்து பார்க்கும் நேரத்தில் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் கண்டுபிடிக்கும் வேலை பெரும்பாலும் வீட்டில் இருக்கிற நம் தலையில்தான் விழுகிறது. அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. நெட் போன அந்த இரண்டு நிமிடம் பொறுமையாக, எதையும் தொடாமல் பார்த்தால் போதும்.

கடலூர், புதுச்சேரி பக்கம் இப்போது பெரும்பாலான வீடுகளில் ஃபைபர் லைன்தான். தெருவிலிருந்து மெல்லிய வயர் ஒன்று வந்து, சுவரில் மாட்டிய பெட்டிக்குள் போகிறது. பல வீடுகளில் வைஃபை கொடுக்கும் ரூட்டரும் அதே பெட்டிதான். இந்த அமைப்பில் மூன்று இடத்தில் அறுபடலாம்: உங்கள் போனுக்கும் பெட்டிக்கும் நடுவில், பெட்டிக்கும் தெருவுக்கும் நடுவில், அல்லது பெட்டிக்கு வரும் கரண்டில். மூன்றுக்கும் போனில் தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை இருக்கும், பக்கத்தில் ரீசெட் என்று எழுதியிருக்கும். அதை அழுத்தாதீர்கள். லைன் கொடுத்தவர் உள்ளே போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். அப்புறம் அவர் வந்து திரும்பப் போடும்வரை நெட் சுத்தமாக வராது.

முதலில் லைட்டைப் பாருங்கள்

நெட் போனதும் பெட்டிக்கு முன்னால் போய் நில்லுங்கள். பவர் லைட் எரிகிறதா? பான் (PON) என்ற லைட் ஆடாமல் பச்சையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா? லாஸ் (LOS) என்ற லைட் அணைந்திருக்கிறதா, சிவப்பாக மின்னுகிறதா? ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நேரமும் பதிவாகிவிடும் என்பதால் தனியாக எழுதத் தேவையில்லை.

லாஸ் சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை, அல்லது போதாத அளவு வருகிறது. கோளாறு தெருப் பக்கம், அல்லது வீட்டுக்குள் அந்த மெல்லிய வயர் மடங்கிய இடத்தில். லாஸ் அணைந்திருந்து பான் மட்டும் மின்னினால், ஒளி வருகிறது, பெட்டியால் எதிர்முனையில் பதிவு செய்துகொள்ள முடியவில்லை. பான் நிலையாக எரிந்து இன்டர்நெட் லைட் மட்டும் அணைந்திருந்தால் லைன் சரி, உங்கள் கணக்கு உள்ளே நுழையவில்லை. பில் பாக்கி முதல் அவர்கள் சர்வர் கோளாறு வரை எதுவாகவும் இருக்கலாம். எல்லா லைட்டும் ஒரே சமயத்தில் அணைந்து, ஒவ்வொன்றாக ஏறி வந்தால் பெட்டி தானாக அணைந்து எழுந்திருக்கிறது. அது பெரும்பாலும் கரண்ட் விவகாரம்.

எல்லா லைட்டும் ஒழுங்காக எரிகிறது, ஆனாலும் போனில் நெட் இல்லை என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

இரண்டு கறுப்புத் திரை

வீட்டில் லேப்டாப் இருந்தால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். நான் பார்த்த அளவில் இதைவிடத் தெளிவாக விடை சொல்லும் சோதனை வேறில்லை.

விண்டோஸ் என்றால் ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடித் திறங்கள். முதலில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து என்டர் தட்டினால், டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் ஒரு எண் வரும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதுதான் உங்கள் பெட்டியின் முகவரி. இப்போது பிங் (ping) என்று அடித்து, இடம் விட்டு அந்த எண், மறுபடி இடம் விட்டு கழித்தல் குறியும் டி எழுத்தும் (-t) சேர்த்து அடித்து, என்டர் தட்டுங்கள். நொடிக்கு ஒரு வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு திரையைத் திறந்து இதேபோல 8.8.8.8 என்ற எண்ணுக்கும் ஓடவிடுங்கள். இது கூகுள் நடத்தும் சர்வர் முகவரி, வெளியுலகத்துக்கு நம் அடையாளக் கல். இரண்டு திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நிறுத்துவதற்குக் கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். லேப்டாப் இல்லாதவர்களுக்கு போனிலேயே பிங் பார்க்கும் இலவச ஆப்கள் இருக்கின்றன.

நெட் போகும்போது முதல் திரை ஒழுங்காக ஓடி, இரண்டாவது மட்டும் டைம்டு அவுட் என்று காட்டினால் உங்கள் வைஃபை மேல் குற்றமில்லை. பெட்டியைத் தாண்டி வெளியேதான் கோளாறு. இரண்டுமே ஒரே நேரத்தில் நின்றால் லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது பெட்டியே அணைந்திருக்கிறது. இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன, ஆனால் பக்கம் எதுவும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் தகராறு. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். ரூட்டர் செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான்காவதாக ஒன்று உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் திரையில் பதில் நேரம் சாதாரணமாக 2, 3 மில்லிசெகண்ட் என்று வரும். அது திடீரென 300, 800 என்று எகிறி மறுபடி இறங்கினால் சிக்னல் பலவீனம், அல்லது பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதல். மணிக்கணக்கில் ஓடும்போது எங்கேயாவது ஒரு வரி தவறினால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். தொடர்ந்து வரிசையாக விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

லான் கேபிள் ஒன்று கையில் இருந்தால் லேப்டாப்பை நேரடியாகப் பெட்டியில் மாட்டிவிட்டு இதையே ஓட்டுங்கள். கேபிளில் ஒழுங்காக ஓடும்போதே போன்களில் வைஃபை போகிறது என்றால், லைன்காரரைக் கூப்பிட அவசியமே இல்லை.

கரண்டா என்று பாருங்கள்

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் லாகின் விவரமும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டு உள்ளே போனால், டிவைஸ் இன்ஃபர்மேஷன் அல்லது ஸ்டேட்டஸ் பக்கத்தில் அப்டைம் என்று ஒரு வரி இருக்கும். பெட்டி எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து ஓடுகிறது என்று காட்டும் கணக்கு அது. யாரும் தொடாத பெட்டி இருபது நிமிடமாகத்தான் ஓடுகிறது என்று காட்டினால், இருபது நிமிடத்துக்கு முன் அது தானாக அணைந்து எழுந்திருக்கிறது.

நம் ஊரில் முதல் சந்தேகம் இன்வெர்ட்டர் மேல் வர வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், லைட் ஒருமுறை சிமிட்டும், ரூட்டர் அணைந்துவிடும். திரும்ப எழுந்து லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதில் வைத்தால் மாறும் நேரம் குறையும். அதிலும் தாங்கவில்லை என்றால் ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் அவுட்புட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும், 9 வோல்ட்டும் 5 வோல்ட்டும்கூட உண்டு. வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. புது அடாப்டர் வாங்கினாலும் இதே கணக்குத்தான், கூடவே முனையின் பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோர வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி உப்புக்காற்று நேராக அடிக்கும் இடங்களில் அடாப்டர் முனையை உருவி வெளிச்சத்தில் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய உலோகம் மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருக்கும். லான் கேபிள் முனையின் எட்டு உலோகப் பற்களிலும் அதே கதி. முனையை மாட்டியபடியே மெதுவாக அசைத்துப் பாருங்கள். லைட்டுகள் சிமிட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஃபேன் காற்றில் வயர் ஆடினாலே பெட்டி அணைந்து எழுகிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரர்கள் கம்பெனியை மாற்றியும் பிரச்சினை தீராது.

கரண்ட் போனால் மட்டும் நெட் போகிறது, ஆனால் பெட்டி எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்றால் லைன் எப்படி வருகிறது என்று கேளுங்கள். ஃபைபர் நேராக வீட்டுக்குள் வந்தால் வழியில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். தெரு முனை வரை ஃபைபர், அங்கிருந்து லான் கேபிள் என்று இழுத்திருந்தால் நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி கரண்டில் ஓடும். அபார்ட்மென்ட் படிக்கட்டுக்கு அடியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் அதற்கு உதவாது. அங்கே பேட்டரி வைக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

வைஃபைதான் போகிறது என்றால்

இங்கேதான் வீட்டுக்கு வீடு கதை மாறும். புதுச்சேரியில் வைசியாள் வீதி பக்கம் இருக்கும் பழைய தமிழ் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்கட்டு. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக நல்ல தடிமன். லைன்காரர் வயர் உள்ளே நுழையும் தெருப்பக்கச் சுவரிலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போயிருப்பார். பின்கட்டில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளைக்கு அங்கிருந்து சிக்னல் இரண்டு மூன்று சுவர் துளைத்து வர வேண்டும். அதே பெட்டியை முற்றத்தைப் பார்த்தபடி தாழ்வாரத்துத் தூண் உயரத்தில், சாரல் படாத இடத்தில் மாற்றி வைத்தால், சுவரைத் துளைக்காமல் முற்றத்தின் வெட்டவெளி வழியாகவே சிக்னல் பின்கட்டுக்குப் போய்விடும். புதிதாக எதுவும் வாங்காமல் தீர்கிற பிரச்சினை இது. கூடுதல் ஃபைபர் வயர் போட்டுத் தரச் சொல்லி லைன்காரரிடமே கேட்கலாம். நீங்களாக இழுத்து மாற்ற வேண்டாம்.

எந்த வீடானாலும் இரும்பு பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் மேல், பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில், டிவி ஷோகேஸ் கதவுக்குள் பெட்டியை வைக்காதீர்கள். உலோகம் சிக்னலைத் தடுக்கும், மூடிய அலமாரி சூட்டைக் கூட்டும். நம் சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் பெட்டி தொட்டால் சுடுகிற அளவுக்குப் போகும். அப்படிச் சூடேறிய பெட்டி மதியத்தில் மட்டும் மக்கர் செய்யும்.

லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், கடலூர் செம்மண்டலம் மாதிரி வீடுகள் நெருங்கிய பகுதிகளில் சுவரைவிடப் பக்கத்து வீட்டு ரூட்டர்தான் பெரிய தொல்லை. போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் வைஃபை வழக்கமாக ஓடும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் எத்தனை பேர் ஒரே சேனலில், அதாவது ஒரே தடத்தில், குந்தியிருக்கிறார்கள் என்று தெரியும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இவற்றில் கூட்டம் குறைந்ததை ரூட்டர் செட்டிங்கில் நிலையாகப் போடுங்கள், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஆட்டோவில் விட்டால் சில ரூட்டர்கள் இஷ்டத்துக்குச் சேனல் மாற்றும், மாற்றும்போதெல்லாம் எல்லா போனும் ஒருமுறை அறுந்து சேரும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே 2.4 அலைவரிசையில்தான் இயங்குகிறது. சாப்பாடு சூடாக்கும் நேரத்தில் மட்டும் வீடியோ நின்றால் அதைச் சந்தேகிக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கூட்டம் குறைவு, ஆனால் சுவரைத் துளைப்பதில் பலவீனம். அதில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை உள்ள சேனல்களை வையுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடாருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் ரூட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலகிவிடும். அந்த வகைச் சேனல் ஒன்றில் மறுபடி ஏறுவதற்கு முன் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். காரணமே தெரியாமல் 5 மட்டும் மறைந்து தோன்றினால் இதுவாக இருக்கலாம்.

இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில போன்கள் வாசலுக்கும் படுக்கையறைக்கும் நடக்கும்போது எதில் ஒட்டுவது என்று தடுமாறும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, ஓரிடத்திலேயே இருக்கும் டிவி, லேப்டாப் ஆகியவற்றை 5-இலும், தூர அறைகளை 2.4-இலும் விட்டுப் பாருங்கள். அனலைசர் ஆப் காட்டும் சிக்னல் எண் மைனஸில் வரும். மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 75-க்குக் கீழே போனால் அறுபடும்.

ஒரு வீட்டில் இரண்டு பெட்டி

சிக்னல் போதவில்லை என்று கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி, முதல் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டியிருக்கிறீர்களா? யோசனை நல்லதுதான். சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் மாட்டுவதைவிட இப்படிக் கேபிள் இழுப்பது எவ்வளவோ மேல். ஆனால் செட்டிங் மாற்றாமல் லான் துளையில் மாட்டினால், இரண்டு பெட்டியும் வீட்டில் உள்ள போன்களுக்கு முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். ஒன்று கொடுத்த முகவரி மற்றதற்குத் தெரியாது. போன் ஐபி முகவரி பெறுகிறது என்றே நிற்கும், அல்லது வைஃபை சேர்ந்தும் நெட் இல்லை என்று சொல்லும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். இரண்டாவது ரூட்டரை, வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள். அந்த வசதி இல்லை என்றால் அதில் முகவரி கொடுக்கும் வசதியான டிஎச்சிபியை (DHCP) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல, முதல் பெட்டி மற்றவர்களுக்குக் கொடுக்கும் முகவரி வரிசைக்கு வெளியே மாற்றிவிட்டு, லானிலிருந்து லானுக்கு மாட்டுங்கள்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் போகிறதா?

அப்போது அந்தச் சாதனத்தைப் பாருங்கள். போனில் அந்த வைஃபையை ஃபர்கெட் கொடுத்துத் திரும்பச் சேருங்கள். பேட்டரி சேவரையும், சிக்னல் குறைந்தால் மொபைல் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதியையும் அணைத்துப் பாருங்கள். லேப்டாப் என்றால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

லைன் கோளாறு என்றால்

பிரவுசரில் திறக்கும் ரூட்டரின் பக்கத்தில் ஆப்டிகல் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் (Rx Power) என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. சைபருக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். மைனஸ் 15 முதல் 24 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது விளிம்பு, அங்கே நிற்கும் லைன் சின்ன அசைவுக்கே விழும். வெயில் நாளில் ஒருமுறை இதைக் குறித்து வையுங்கள். மழையோ காற்றோ அடிக்கும்போது மறுபடி பாருங்கள். வெயிலில் 21, காற்றில் 27 என்றால் வெளியே ஏதோ ஒரு ஜாயிண்ட் ஆடுகிறது, அல்லது வயர் எங்கேயோ மடங்கி இழுபடுகிறது.

வீட்டுக்குள் அந்த மெல்லிய வயர் வரும் வழியை ஒருமுறை கண்ணால் தொடர்ந்து போங்கள். ஜன்னல் கதவு அதை நசுக்குகிறதா, கட்டில் கால் மேலே ஏறியிருக்கிறதா, ஆணியில் இறுக்கிக் கட்டியிருக்கிறதா? உள்ளே இருப்பது கண்ணாடி இழை. மூன்று சென்டிமீட்டர் ஆரத்தைவிட இறுக்கமாக வளைத்தால் சில வகை இழைகளில் ஒளி வெளியே கசிய ஆரம்பிக்கும். பச்சை நிற முனையைக் கழற்றி விரலால் துடைக்க வேண்டாம். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே வேண்டாம், அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரை ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. ஐப்பசி, கார்த்திகை நமக்கு எப்படி இருக்கும் என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வயர் தென்னை மரத்தில் சுற்றி, முருங்கைக் கிளைமேல் படுத்து வந்தால், வெயில் காயும் செப்டம்பரிலேயே அதைக் கம்பத்துக்கு மாற்றி இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். மழை தொடங்கியபின் கூப்பிட்டால் ஊரே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

லைன்காரரிடம் பேசும்போது “அண்ணா, நெட் வரல” என்று மட்டும் சொன்னால், “அணைச்சுப் போடுங்க” என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில், “அண்ணா, காலைல பத்தே காலுக்கும் மதியம் ரெண்டு மணிக்கும் லாஸ் லைட் சிவப்பா எரிஞ்சுது, போட்டோ அனுப்பியிருக்கேன். பவர் மைனஸ் 27 காட்டுது, போன வாரம் 21 இருந்துச்சு. வெளி ஜாயிண்ட்டை ஒரு தடவை பாருங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். வாய்மொழிப் புகார் கணக்கில் வராது. அதில் தீர்வு இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம்.

ஆள் வந்து ஜாயிண்ட் மாற்றியதும் அவர் வண்டி எடுப்பதற்கு முன் ஆர்எக்ஸ் பவரைத் திரும்பத் திறந்து அவரிடமே காட்டுங்கள். எண் பழையபடி மைனஸ் 21-க்கு வரவில்லை என்றால் வேலை முடியவில்லை. வந்திருந்தால் அந்தப் புது எண்ணையும் தேதியையும் பெட்டியின் பக்கவாட்டிலேயே மார்க்கரில் எழுதி வையுங்கள்.